அகசு பார்க்கும் கொடி

மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஊட்டி போய்வருகிறவர்கள் வர்க்கியோடும் தைல பாட்டிலோடும் சில நேரம் ஒரு விதைப் பொட்டலத்தையும் வாங்கிவருகிறார்கள். அட்டையில் வண்ணத்துப்பூச்சி போல இதழ் விரித்த இளஞ்சிவப்புப் பூக்கள். கீழே ஸ்வீட் பீ என்று எழுதியிருக்கும். பட்டாணிக் குடும்பத்துக் கொடி, பூவுக்கு நல்ல வாசம். அதனால் இந்த அத்தியாயத்தில் இதை மணப்பட்டாணி என்றே அழைப்போம். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் சாலையில், பாலுசெட்டிச் சத்திரத்தை ஒட்டிய திருப்புட்குழியில் ஒரு வீட்டுக் கொல்லைக்கு அந்தப் பொட்டலம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விதை முளைக்கும். கொடி இடுப்பளவு ஏறும். பச்சை பச்சையாக இலை விடும். பூ மட்டும் வராது. பங்குனி வெயிலில் அடியிலை மஞ்சளித்து, சித்திரை முடிவதற்குள் கொடி சருகாகிவிடும்.

ஏன் என்று கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். நம் மண்ணுக்கு அது வராது; வைத்தவருக்குக் கைராசி இல்லை; மலைப்பூ மலையில்தான் பூக்கும். கைராசியை விட்டுவிடலாம். மண் என்ற பதில் தவறு. மலை என்ற பதில் பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் நம்பி ஒதுங்கிக்கொள்வதால்தான், இங்கேயே பூக்கக்கூடிய ஒரு பூவை நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

மண்ணின் மேல் பழி

முதலில் மண்ணை விடுவித்துவிடுவோம். மணப்பட்டாணிக்குப் பிடித்தது அமிலமும் காரமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் மண். சற்றே காரம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். நீலகிரி மண்ணோ அமிலம் மிகுந்தது. தேயிலை அங்கே செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காய்கறி போடும் விவசாயிகள் சுண்ணாம்பு இட்டு அந்த அமிலத்தைத் தணிக்க வேண்டியிருக்கிறது. ஆக, மண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஊட்டிதான் தோற்க வேண்டும். அவரையும் துவரையும் உளுந்தும் போலவே இந்தக் கொடியும் வேர் முடிச்சுகளில் நுண்ணுயிர்களை வைத்துக்கொண்டு காற்றிலுள்ள தழைச்சத்தைத் தனக்கு ஆக்கிக்கொள்ளும் இனம். மக்கிய சாணமும் நீர் வடியும் வசதியும் இருந்தால் காஞ்சிபுரம் மாவட்டத்து மண்ணில் அதற்குக் குறை எதுவும் இல்லை. சொல்லப்போனால், அந்தக் கொல்லையில் கொடி பச்சைப்பசேலென்று ஏறியதே மண் ஒத்துக்கொண்டதற்குச் சாட்சி. இலை விடுகிற கொடி பூவை ஏன் மறுக்கிறது என்பதுதான் கேள்வி.

சிசிலித் தீவின் பஞ்சாங்கம்

இந்தக் கொடியின் பிறந்த வீடு இத்தாலிக்குத் தெற்கே உள்ள சிசிலித் தீவுப் பக்கம். அங்கிருந்த பிரான்செஸ்கோ குப்பானி என்ற துறவி 1699இல் இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த ராபர்ட் யுவடேல் என்பவருக்கு இதன் விதைகளை அனுப்பினார் என்பது தோட்டக்கலை வரலாறு. சிசிலியில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை வறண்டு கிடக்கும். எனவே அங்கே விதை இலையுதிர்கால ஈரத்தில் முளைக்கிறது, குளிர் முழுதும் வேர் பாய்ச்சுகிறது, வசந்தத்தில் பூக்கிறது, கோடை சுடுவதற்குள் காய் வெடித்து, விதையைச் சிதறிவிட்டுக் காய்ந்துபோகிறது. ஓர் ஆண்டுக்குள் முடியும் வாழ்க்கை. இதில் தவறவே கூடாத ஒரு கணக்கு, எப்போது பூப்பது என்பது. முந்தினால் பனி; பிந்தினால் வறட்சி.

அந்தக் கணக்கைக் கொடி எதை வைத்துப் போடுகிறது? வெப்பத்தை நம்ப முடியாது. நடுக்குளிரிலும் நாலு நாள் வெயில் அடிக்கும். மழையும் அப்படித்தான். ஆண்டுதோறும் ஏமாற்றாமல் வருவது ஒன்றே ஒன்று: பகலின் நீளம். நம் பஞ்சாங்கங்கள் இதை அகசு என்ற பெயரில் குறிக்கின்றன. சூரியன் உதித்து மறையும் வரை எத்தனை நாழிகை என்ற கணக்கு. ஒரு நாழிகை 24 நிமிடம். 30 நாழிகை அகசு என்றால் பகல் 12 மணி நேரம். சிசிலியில் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ ஒன்பதரை மணி, அதாவது 24 நாழிகைக்கும் குறைவு. அது வளர்ந்து 30 நாழிகையைத் தாண்டும்போது வசந்தம் வந்துவிட்டது என்று பொருள். மணப்பட்டாணி அதற்குத்தான் காத்திருக்கிறது.

செடிகளுக்கு அகசு பார்க்கத் தெரியும் என்பதை அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920இல் தெளிவாக நிறுவினார்கள். கோடை முழுதும் பூக்காமல் ஆளுயரம் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையைப் பிற்பகலிலேயே இருட்டறைக்குள் வைத்துப் பகலைக் குறுக்கினார்கள்; கோடையிலேயே அது பூத்தது. இந்தப் பண்பைப் பகலளவு உணர்வு என்று சொல்லலாம். பின்னர் வந்த ஆய்வுகள், செடி உண்மையில் எண்ணுவது இரவின் நீளத்தை என்று காட்டின. இலையில் உள்ள ஒளியுணரி என்னும் புரதம் இருட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் குறித்துக்கொள்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. வேறு பெயரில் தெரிந்ததுதான். ஆடியில் போட்ட நாட்டு அவரை கார்த்திகை, மார்கழிக்கு முன் பூக்காது. கோடையில் போட்டால் பந்தல் நிறைய இலைதான் மிஞ்சும். அவரை இரவு நீண்டால் பூக்கும் இனம். மணப்பட்டாணி இரவு சுருங்கினால் பூக்கும் இனம். ‘பட்டம்’ என்று உழவர்கள் சொல்வதற்குள் மழைக்கணக்கோடு இந்த அகசுக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

ஒரே நாள், நான்கு ஊர்

இப்போது ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்: மார்ச் 20ஐ ஒட்டிய சம இரவு நாள். அன்று உலகின் எந்த ஊரிலும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். சிசிலியிலும் 30 நாழிகை, டெல்லியிலும் 30 நாழிகை, ஊட்டியிலும் திருப்புட்குழியிலும் 30 நாழிகை. மணப்பட்டாணி எங்கே நின்றாலும் அதன் இலைக்குக் கிடைக்கும் சேதி ஒன்றே: வசந்தம் வந்துவிட்டது, பூ.

சேதி ஒன்றுதான், வெளியே அடிக்கும் வெயில் ஒன்றல்ல. சிசிலியின் பலெர்மோவில் அந்த நாட்களில் நண்பகல் வெப்பம் 16, 17 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் 22 டிகிரியை ஒட்டி நிற்கும். இரவில் நன்றாகக் குளிரும். டெல்லியில் 30ஐத் தொடும். ஆனால் இரவு இன்னும் 16 டிகிரிப் பக்கம். திருப்புட்குழியில் பகல் 33, 34. இரவிலும் புழுக்கம் தொடங்கிவிட்டிருக்கும். மணப்பட்டாணி சுகமாக இருப்பது பகல் 20 டிகிரியை ஒட்டியும் இரவு 10 டிகிரியை ஒட்டியும். 30ஐத் தாண்டி வெயில் நிலைத்துவிட்டால் மொட்டு உதிரும், தண்டு குட்டையாகும், கொடி சோரும்.

வெப்பம் அதிகம் என்றால் தண்ணீர் விட்டால் போதாதா என்று தோன்றும். போதாது, காரணம் இரவில் இருக்கிறது. பகலில் இலை ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. செடியும் மூச்சு விடும் உயிர். இரவு முழுதும் அந்தச் சர்க்கரையை எரித்துத்தான் அது வாழ்கிறது. இரவு வெப்பம் கூடக் கூட எரிப்பும் கூடும். குளிர்ந்த இரவில் பகல் வருமானத்தில் பெரும்பகுதி மிஞ்சி மொட்டுக்குப் போகிறது. புழுங்கும் இரவில் அது குடும்பச் செலவுக்கே சரியாகிவிடுகிறது. மொட்டு உதிர்வது அந்தப் பற்றாக்குறையின் முதல் அடையாளம்.

ஆக, பூக்க இரண்டு சாவிகள் வேண்டும்: போதிய நீளமான பகல், போதிய குளிர்ச்சி. சிசிலியில் இரண்டும் ஒரே மாதத்தில் கைக்கு வருகின்றன. ஊட்டியில் குளிர்ச்சி ஆண்டு முழுதும் இருப்பதால், பகல் நீளும் ஏப்ரல், மே மாதங்களில் பூக்க எந்தத் தடையும் இல்லை. டெல்லியில் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து நான்கு மாதம் குளிரில் வேரூன்றிய கொடி, பகல் நீளத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச்சில் பூத்து, லூ என்னும் அனல்காற்று வீசுவதற்குள் முடித்துக்கொள்கிறது. திருப்புட்குழியில் ஒரு சாவி மார்கழியிலும் தையிலும் கிடைக்கிறது, மற்றது பங்குனியில். இரண்டும் ஒரே நாளில் சேர்வதே இல்லை. அந்தக் கொல்லையில் நடந்தது இதுதான்.

வெயில் மட்டுமே காரணம் ஆகாதா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஊட்டிக்கும் காஞ்சிபுரத்துக்கும் அட்சரேகையில் ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். மிகக் குறுகிய பகலை ஒப்பிட்டால் இரண்டு ஊருக்கும் ஐந்தாறு நிமிடம்தான் வேறுபாடு. அகசு ஒன்றாக இருக்கும்போது ஊட்டியில் பூப்பதும் இங்கே பூக்காததும் குளிர்ச்சியால் மட்டும்தானே? பிறகு எதற்குப் பகலளவை இழுக்க வேண்டும்?

மறுப்பின் முதல் பாதி உண்மை. ஆனால் வெயில் மட்டும் காரணம் என்றால், நம் ஊரின் குளிர்ந்த மாதத்தில் கொடி பூத்திருக்க வேண்டும். தை மாதத்தில் இந்தப் பக்கம் பகல் வெப்பம் 29, 30 டிகிரி. டெல்லியின் மார்ச் மாதப் பகலும் அதே அளவுதான். அங்கே மணப்பட்டாணி பூத்துக்கொண்டிருக்கிறது. நம் இரவு டெல்லியை விட நான்கைந்து டிகிரி கூடுதல் என்பதால் பூ சற்றுச் சிறுத்து, சீக்கிரம் வாடலாம். மொட்டே வைக்காமல் நிற்பதற்கு அந்த வித்தியாசம் போதாது. தையில் நம் கொடியைத் தடுப்பது அகசு. திருப்புட்குழியின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 20 நிமிடம், 28 நாழிகைக்குச் சற்று மேல். 30 நாழிகைக்காகக் காத்திருக்கும் வகைக்கு அது போதவில்லை. கதவு முழுக்க அடைத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறுகிய பகலிலும் மிகத் தாமதமாக மொட்டு வரலாம். ஆனால் நமக்குத் தாமதம் என்பதே தோல்வி, ஏனென்றால் வெயில் காத்திருக்காது.

இன்னொரு மறுப்பும் வரும்: செடி எண்ணுவது இருட்டை என்றால், மாலையில் ஒரு பல்பைப் போட்டு ஏமாற்றலாமே? ஏமாற்றலாம். பெங்களூருவுக்கு வடக்கே தொட்டபள்ளாப்புராப் பக்கம் சாமந்தித் தோட்டங்களில் இரவு முழுதும் பல்புகள் எரிவது இந்தக் கணக்கில்தான். சாமந்தி நீண்ட இரவில் பூக்கும் இனம் என்பதால், விளக்குப் போட்டு அதன் பூப்பைத் தள்ளிவைக்கிறார்கள். மணப்பட்டாணிக்கு அதே விளக்கு பூப்பை முன்னே இழுக்கும். ஆனால் கொல்லையில் பக்கத்திலேயே அவரைப் பந்தல் இருந்தால் அதன் காய்ப்பு பிந்திவிடும். ஒரு பூவுக்காக ஒரு குழம்பை இழக்க வேண்டியதில்லை. இதைவிட எளிய வழி இருக்கிறது.

பூட்டு இல்லாத வகை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் அன்டன் ஸ்வோலனெக் என்ற விதை வளர்ப்பாளர் கண்ணாடிக் குடில்களில் குளிர்காலத்திலேயே பூக்கும் மணப்பட்டாணி வகைகளைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கினார். அவருக்கு வேண்டியிருந்தது கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கப் பூ. அந்த முயற்சியின் வழித்தோன்றல்களாக இன்று விதைக்காரர்கள் மணப்பட்டாணியை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: 12 மணிப் பகல் கேட்கும் கோடை வகை, 11 மணிக்கே திருப்தியடையும் வசந்த வகை, 10 மணியிலேயே பூத்துவிடும் குளிர்கால வகை. நாழிகையில் 30, 27½, 25. தாஸ்மேனியாவில் ரோஸ், மர்ஃபெட் என்ற ஆய்வாளர்கள் 1980களில் இந்த வேறுபாட்டின் மரபியலை ஆராய்ந்தார்கள். ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள்தான் இந்த மூன்று குணங்களுக்கும் அடிப்படை. அந்த மரபணு கோடை வகையில் பூப்பை அடக்கிவைக்கும் பூட்டு. குளிர்கால வகையில் பூட்டு செயலிழந்திருக்கிறது.

நம் அகசோடு இதைப் பொருத்திப் பாருங்கள். திருப்புட்குழியின் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 28 நாழிகை. குளிர்கால வகைக்கு 25 போதும். வசந்த வகைக்கும் 27½ போதும். அதாவது இந்த இரண்டு வகைகளுக்கும் இங்கே ஆண்டின் எந்த நாளிலும் ஒளிக்கதவு மூடியே இருப்பதில்லை. இங்கிலாந்துத் தோட்டக்காரருக்கு இந்த வசதி கிடையாது. லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணிக்கும் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது இந்தப் பூவின் விஷயத்தில் நமக்குக் குறை என்றே எல்லோரும் எண்ணுகிறோம். ஒளியைப் பொறுத்தவரை அதுவே நம் பலம். இரண்டு சாவிகளில் ஒன்று நம் கையில் எப்போதும் இருக்க, மீதி ஒன்றைத் தேடினால் போதும்: மார்கழி நடுவிலிருந்து மாசி நடுவரை உள்ள அந்த இரண்டு மாதக் குளிர்ச்சி.

அதனால் விதை வாங்கும்போது பூவின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் வகையைப் பார்க்க வேண்டும். பொட்டலத்தில் குளிர்காலத்தில் பூப்பது, முன்னதாகப் பூப்பது என்று போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ‘வின்டர் எலிகன்ஸ்’ அந்த இனத்தைச் சேர்ந்த, பரவலாகத் தெரிந்த ஒரு வரிசை. பெயரில்லாத கலவை விதையில் கோடை வகையே மிகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வறுத்த பயறும் ஊறாத விதையும்

திருப்புட்குழி 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இங்கே விஜயராகவப் பெருமாளோடு எழுந்தருளியிருக்கும் மரகதவல்லித் தாயாரிடம் மகப்பேறு வேண்டி வரும் பெண்கள், மடப்பள்ளியில் வறுத்து ஊறவைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்குவது வழக்கம். காலையில் பயறு முளைவிட்டிருந்தால் பிள்ளைப்பேறு உறுதி என்பது நம்பிக்கை. அந்த வேண்டுதலின் ஆழம் முழுதும் ஓர் உயிரியல் அறிவின் மேல் நிற்கிறது: வறுத்த விதை முளைக்காது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் முளைப்பது அருளாகிறது. விதைக்குள் உறங்குவது உயிருள்ள ஒரு குட்டிச் செடி. அதை இயக்கும் புரதங்கள் வறுக்கும் சூட்டில் குலைந்துவிடும் என்று இன்றைய அறிவியல் சொல்லும். முளைப்பது உயிரின் அடையாளம் என்று அந்த வழக்கம் அதற்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறது.

மணப்பட்டாணி விதையின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. உள்ளே உயிர் இருக்கும், ஆனால் முளைக்காது. பயறு, பட்டாணிக் குடும்பத்தில் பல விதைகளின் தோல் தண்ணீர் புகாதபடி இறுகிக்கொள்ளும். ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து ஒரே வறட்சியில் எல்லாம் மடிந்துவிடாமல், சிலவற்றை அடுத்த ஆண்டுக்கு நிறுத்திவைக்கும் முன்னெச்சரிக்கை அது. வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் தோல் இளகிய விதைகள் பருத்திருக்கும். அவற்றை உடனே ஊன்றலாம். அப்படியே குண்டுமணிபோல் இறுகிக் கிடப்பவற்றின் தோலை, தழும்பு இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் இம்மியளவு கீறிவிட்டு மறுபடி ஊறவைக்க வேண்டும். பருத்த பிறகும் தண்ணீரிலேயே கிடந்தால் அழுகிவிடும்.

மணம் எங்கே போயிற்று

குப்பானி அனுப்பிய பூ சிறியது, மேலிதழ் கருஞ்சிவப்பு, பக்க இதழ் ஊதா, மணமோ தூக்கலானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹென்றி எக்ஃபோர்ட் பெரிய பூக்களை உருவாக்கினார். 1900ஐ ஒட்டி, ஆல்தார்ப் மாளிகைத் தோட்டத்தில் சைலஸ் கோல் என்ற தோட்டக்காரர் இதழோரம் அலையலையாக மடங்கிய ஸ்பென்ஸர் வகையைக் கண்டெடுத்தார். போட்டிகளில் அது எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. கண்ணுக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனபோது பல வகைகளில் மூக்குக்கான பங்கு தேய்ந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எந்தக் குணத்தைப் பார்த்து விதை எடுக்கிறோமோ அது தங்கும், பார்க்காதது நழுவும். ஆகவே குளிர்கால வகை என்ற நிபந்தனையோடு, மணமுள்ளது என்ற நிபந்தனையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

மல்லிகையும் முல்லையும் காலடியில் பூக்கும் ஊரில் இன்னொரு மணம் எதற்கு என்பது, இந்தப் பூவின் மேல் வைக்கப்படும் கடைசி மறுப்பு. மல்லிகையின் மணத்தில் பென்சைல் அசிடேட்டும் இண்டோலும் சேர்ந்து அந்த அடர்த்தியைத் தருகின்றன. மாலையில் மொட்டவிழ்ந்து இரவில் கமழ்வதற்கேற்ற கனம் அது. மணப்பட்டாணியில் லினலூல், ஓசிமீன் என்ற லேசான பொருள்கள் தூக்கலாக நிற்கின்றன. லினலூல் மல்லிகையிலும் உண்டு. கொத்தமல்லி விதையை நசுக்கினால் எழும் வாசத்திலும் அதுவே முதன்மை. அதோடு தேனும் நாரத்தைப் பூவும் கலந்தாற்போன்ற ஒரு மென்மையைச் சேர்த்துக்கொண்டால் மணப்பட்டாணியை ஓரளவு ஊகிக்கலாம். மல்லிகைக்கு இது போட்டியல்ல. மேலும் நம் பக்கத்தில் மல்லிகை வரத்து மெலிந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் இது பூக்கிறது.

ஐப்பசியிலிருந்து மாசி வரை

குளிர்கால வகை விதைத்த இரண்டரை, மூன்று மாதத்தில் பூக்கும் என்று கொண்டால், தைப் பூவுக்கு ஐப்பசியில் விதை விழ வேண்டும். அதுவோ வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம். தரையில் ஊன்றினால் முளை அழுகும். எனவே ஓரடிக்கு மேல் ஆழமுள்ள மண்தொட்டியில், நீர் வடியும் துளையோடு, தாழ்வார ஓரத்தில் மழைச் சாரல் படாமல் முளைக்கவைப்பது நல்லது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் வெளியே எடுக்கலாம். மண்தொட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ந்திருக்கும். இதே வேலையைத்தான் தண்ணீர்ப் பானை செய்கிறது. பிளாஸ்டிக் தொட்டிக்கு அது வராது. இரண்டு மூன்று ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கொம்புகள் வரும். பற்றிக்கொள்ளச் சணல் கயிறோ சுள்ளியோ போதும். பற்றுக்கம்பிகள் மெல்லியவை, தடித்த மூங்கிலைச் சுற்ற முடியாது. காலை வெயில் முழுதாகவும் பிற்பகல் வெயில் படாமலும் உள்ள கிழக்குச் சுவரோரம் சிறந்த இடம். தொட்டிமண்ணின் மேல் வைக்கோல் மூடாக்கு போட்டால் தையின் நண்பகலிலும் வேர்ப்பகுதி சூடேறாது.

பூத்த பிறகு பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்டுச்செடியின் நோக்கம் விதை. காய் பிடித்துவிட்டால் பூப்பு நின்றுவிடும். காலையில், மணப்பொருள்கள் வெயிலில் பறந்துபோவதற்கு முன் பறித்தவை வீட்டுக்குள் அதிக நேரம் மணக்கும். மாசி பாதியில் பகல் சூடேறத் தொடங்கியதும், நன்றாகப் பூத்த, வெயிலுக்குச் சீக்கிரம் சோராத ஒன்றிரண்டு கொடிகளில் மட்டும் பூவைப் பறிக்காமல் விட்டுவிடலாம். மணப்பட்டாணி மொட்டு விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இனம்; ஆகவே பக்கத்தில் வேறு வகை இருந்தாலும் பெரும்பாலும் விதையின் குணம் மாறாது, பூட்டில்லாத அந்த மரபணுவும் அப்படியே தங்கும். பங்குனியில் காய்கள் பழுப்பேறி, வெடிப்பதற்கு முன் பறித்து, நிழலில் உலர்த்தி, அடுத்த ஐப்பசி வரை கண்ணாடிச் சீசாவில் வைக்கலாம். பார்ப்பதற்கு இவை சிறு பட்டாணி போலவே இருக்கும். ஆனால் கால் முடக்கும் நோயோடு பேசப்படும் கேசரிப் பருப்பின் நெருங்கிய சொந்தம் இது. இதன் விதையிலும் நஞ்சு உண்டு. சீசாவின் மேல் பெயரெழுதி, பருப்பு டப்பாக்கள் இருக்கும் அலமாரியை விட்டு வேறிடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.